கையெழுத்து வாங்கினால் பயிற்சி ஆகிவிடுமா?

வாசகர் கேள்வி–பதில்

பெங்களூருவின் பட்டறைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் ஆபத்தான பொருள்களைக் கையாள்பவர்களின் பயிற்சி குறித்துக் கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஏழுக்கு, தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் பத்தியாளர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: பீன்யாவில் முலாம் பூசும் பட்டறை நடத்துகிறேன். இருபத்திரண்டு பேர் வேலை செய்கிறார்கள். பாதிப் பேர் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக்காரர்கள்; மற்றவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒருவரை அழைத்து இரண்டு மணி நேரம் வகுப்பு நடத்தி, பதிவேட்டில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துவிடுகிறேன். இது போதுமா? போதாது என்றால் வேறு எப்படித்தான் சொல்லிக் கொடுப்பது?
– பட்டறை உரிமையாளர், பீன்யா

பதில்: போதாது. அந்தப் பதிவேடு ஆய்வாளர் வரும் நாளில் உங்களைக் காப்பாற்றலாம். ஆசிட் தெறிக்கும் நாளில் உங்கள் ஆள்களைக் காப்பாற்றாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு தொழிற்சாலையில், கந்தக அமிலத்தைப் பற்றி நானே வகுப்பு எடுத்தேன். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன், எல்லாரும் திருப்பிச் சொன்னார்கள், கையெழுத்தும் போட்டார்கள். பத்து நாள் கழித்து, இரவு ஷிப்டில், வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர் வாளியில் இருந்த அடர் அமிலத்தில் ஒரு மக்குத் தண்ணீரை ஊற்றி, முன்கை முழுவதும் வெந்து போனார். மருத்துவமனையில் போய்ப் பார்த்தபோது, “நீங்கள் சொன்னது தொட்டிக்குத்தானே சார், இது வாளிதானே?” என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. நான் வகுப்பில் தொட்டியைக் காட்டித்தான் சொன்னேன். அமிலத்தோடு நீர் சேரும்போது கடும் வெப்பம் உண்டாகிறது, அமிலத்தைவிட லேசான நீர் மேலேயே தங்கி அங்கேயே கொதித்து அமிலத்தையும் அள்ளிக்கொண்டு தெறிக்கிறது என்ற காரணத்தை நான் சொல்லவே இல்லை. காரணம் தெரிந்திருந்தால் தொட்டிக்கும் வாளிக்கும் வேறுபாடு இல்லை என்பது அவருக்கே விளங்கியிருக்கும்.

ஆகவே என் முதல் யோசனை, இரண்டு மணி நேர வகுப்பை உடைத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு பொருள், இருபது நிமிடம், அந்தப் பொருள் இருக்கும் தொட்டியின் பக்கத்திலேயே நின்று பேசுங்கள். அது உடம்பில் எந்த வழியாகப் போகும், எதன் பக்கத்தில் அது இருக்கவே கூடாது, சிந்தினால் என்ன செய்வது, மேலே பட்டால் முதல் நிமிடத்தில் என்ன செய்வது என்ற நான்கும் போதும். பொருளோடு வரும் பாதுகாப்புத் தரவுத்தாளில் பதினாறு பகுதிகள் இருக்கும். அவற்றில் முதலுதவியைச் சொல்லும் 4-ஆம் பகுதி, சிந்தினால் செய்ய வேண்டியதைச் சொல்லும் 6, கையாள்வதையும் சேமிப்பதையும் சொல்லும் 7, கையுறை, முகக்கவசம் ஆகியவற்றைச் சொல்லும் 8 ஆகியவற்றை நீங்களோ உங்கள் சூப்பர்வைசரோ முதலில் படித்துவிட்டு, பிறகு ஆள்களின் மொழியில் சொல்லுங்கள். தரவுத்தாளை நெகிழி உறையில் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களைப் பீன்யாவில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பட்டறையில் எதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துத்தநாக முலாமுக்குச் சயனைடு தொட்டி வைத்திருந்தால், அதுவும் ஆசிட்டும் எந்த இடத்திலும் சந்திக்கக் கூடாது; சந்தித்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளியாகும், அது சில நிமிடங்களில் ஆளைக் கொன்றுவிடும். இரண்டையும் வெவ்வேறு அறையில் பூட்டி வைத்திருக்கிறோம் என்று உரிமையாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் சயனைடு வரிசையின் அலசு நீரும் உலோகத்தின் துருவை ஆசிட்டில் நீக்கும் பிக்ளிங் வரிசையின் அலசு நீரும் ஒரே சாக்கடையில் போய்க் கலப்பதைக் கவனிக்க மாட்டார்கள். ஒரே தள்ளுவண்டியில் இரண்டையும் ஏற்றுவது, ஆசிட் அளந்த மக்கிலேயே சயனைடு கரைசலை அளப்பது ஆகியவையும் இதே ரகம்தான். கழிவுநீரைச் சுத்திகரிப்பவருக்கும் முலாம் வரிசையில் நிற்பவருக்குச் சமமாகப் பயிற்சி வேண்டும். ஏனெனில் எல்லாத் தொட்டியின் மிச்சமும் கடைசியில் அவரிடம்தான் வந்து சேர்கிறது. இந்த வாயுவுக்குக் கசப்பு பாதாம் வாசனை இருக்கும் என்று சொல்லிக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். பிறவியிலேயே அந்த வாசனையை உணர முடியாதவர்கள் பலர் இருக்கிறார்கள்; வாசனை வரவில்லை, ஆபத்தில்லை என்று அவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். சயனைடால் மயங்கியவருக்கு வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதக் கூடாது என்பதையும், அருகில் எந்த மருத்துவமனையில் மாற்று மருந்து இருக்கிறது என்பதையும் இன்றைக்கே விசாரித்து எழுதி மாட்டுங்கள்.

குரோம் தொட்டியின் தீமை வேறு மாதிரி. அது சத்தம் போடாது. தொட்டியிலிருந்து எழும் நுண்துளிகள் நாள்பட மூக்கின் நடுத்தண்டை அரித்து ஓட்டை போட்டுவிடும். வலி பெரிதாக இல்லாததால் ஆளுக்கே தெரியாது. விரல் இடுக்குகளிலும் நகக்கண்ணிலும் ஆறாத குழிப்புண் வரும். நுரையீரல் புற்றுநோய்க்கும் ஆறு இணைதிறன் கொண்ட இந்தக் குரோமியம் காரணமாகிறது. ஆகவே மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வொருவரின் கையையும் மூக்கையும் பார்ப்பதைப் பயிற்சியின் பகுதியாகவே வையுங்கள். குரோமிக் ஆசிட் செதில்களை அள்ளிய இடத்தைப் பஞ்சுக் கழிவாலோ தின்னர் நனைத்த துணியாலோ துடைத்தால் துணி தானே தீப்பிடிக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது.

இனி, சொல்லிக் கொடுக்கும் விதம். “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். சம்பளம் கொடுப்பவர் கேட்டால் எவரும் தலையைத்தான் ஆட்டுவார்கள். “செய்து காட்டு” என்று சொல்லுங்கள். கையுறையைக் கழற்றுவது எளிதான வேலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்துக் கையுறையின் மேல் பூசி, வழக்கம்போல் கழற்றச் சொல்லுங்கள். மணிக்கட்டிலும் விரல் நுனியிலும் மஞ்சள் ஒட்டியிருப்பதை அவர்களே பார்த்ததும், அதுவரை எத்தனை நாள் ஆசிட்டை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறோம் என்று பேச்சு தானாகத் தொடங்கும். பிறகு ஒவ்வொருவரையும் கண்ணை மூடிக்கொண்டு அவர் நிற்கும் இடத்திலிருந்து கண் கழுவும் குழாய் வரை நடக்கச் சொல்லுங்கள். உண்மையில் கண்ணில் பட்டால் அப்படித்தான் போக வேண்டியிருக்கும். வழியில் தள்ளுவண்டியும் காலி டிரம்மும் இடிபடுவதைப் பார்த்த பிறகு பட்டறையை ஒழுங்குபடுத்த நான் சொல்லத் தேவையில்லை. கண்ணைக் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து ஒருமுறை செய்து பார்த்தால்தான் பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது விளங்கும்.

மொழி விஷயத்தில் கன்னடம், தமிழ், இந்தி மூன்றிலும் பலகை எழுதி வைப்பது நல்லது. ஆயினும் படிக்கத் தெரியாதவருக்கு எந்தப் பலகையும் சுவர்தான். உங்கள் ஒடியா ஆள்களில் மூத்தவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து முதலில் அவருக்குச் சொல்லுங்கள்; அவர் தன் மொழியில் மற்றவர்களுக்குச் சொல்லட்டும்; அவர்கள் செய்து காட்டுவதை நீங்கள் பாருங்கள். போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த அந்தத் தொழிற்சாலையில் இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன என்பதையும், அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் தொழிலாளர்கள் சிலரே என்பதையும் நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வதுண்டு.

புதிய ஆள் வந்தால் முதல் நாளே, தொட்டியைத் தொடும் முன்பே சொல்லிக் கொடுங்கள். புதிய பொருள் வந்தாலும், பழைய பொருளே வேறு அடர்த்தியில் வந்தாலும், நூலிழையில் ஒரு விபத்து தப்பினாலும் மறுபடி சொல்லுங்கள். பதிவேட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கையெழுத்துக்குப் பக்கத்தில், அவர் என்ன செய்து காட்டினார் என்று ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: என் தம்பி மைசூரு சாலையில் வண்டிகளுக்கு ஸ்பிரே பெயிண்ட் அடிக்கும் இடத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். நீல நிற மருத்துவ முகக்கவசம் தருகிறார்களாம். வீட்டுக்கு வந்ததும் தலைவலி, குமட்டல் என்கிறான். கையில் ஒட்டிய பெயிண்டைத் தின்னரால் கழுவுகிறான். அந்த முகக்கவசம் போதுமா?
– வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: அம்மா, அந்த நீலக் கவசம் இந்த வேலைக்கு உதவவே உதவாது. என்95 கவசம்கூட நுண்துளியைத்தான் தடுக்கும். தின்னரின் ஆவி அதன் ஊடே தாராளமாகப் போகும். ஸ்பிரே அடிக்கும்போது துளியும் வருகிறது, ஆவியும் வருகிறது. ஆகவே முகத்தோடு ஒட்டும் ரப்பர் கவசத்தில், கரிம ஆவியை உறிஞ்சும் கரிக்குப்பியும் அதன் முன்னால் துளியைத் தடுக்கும் வடிப்பானும் சேர்த்து மாட்ட வேண்டும். ஐரோப்பிய வழக்கப்படி செய்யப்பட்ட குப்பிகளில் கரிம ஆவிக்குப் பழுப்பு நிறப் பட்டை இருக்கும். மஞ்சள் பட்டை அமில வாயுவுக்கு, பச்சை அம்மோனியாவுக்கு. தவறான குப்பியை மாட்டிக்கொண்டு நிம்மதியாக வேலை செய்வது, மாட்டாமல் இருப்பதைவிட மோசம் என்பேன்.

அதை மாட்டுவதற்கும் பயிற்சி வேண்டும். குப்பியின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மூச்சை இழுத்தால் கவசம் முகத்தோடு ஒட்டி உள்வாங்க வேண்டும். உள்வாங்காவிட்டால் எங்கோ இடைவெளி இருக்கிறது. தாடி வளர்த்திருந்தால் கவசம் ஒட்டாது. இரவு கழற்றி ஆணியில் தொங்கவிட்டால் கரி காற்றில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காலையில் அதற்கு வேலை செய்யத் தெம்பு இருக்காது. ஆகவே மூடிய பையில் போட்டு வைக்க வேண்டும். கவசம் மாட்டியிருக்கும்போதே தின்னர் வாசனை வந்தால் குப்பியின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள்.

ஒன்றைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். பெயிண்டில், அதை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கிறார்களா? அந்த வகை ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சு முட்டும். அதற்குப் போதிய எச்சரிக்கை வாசனை இல்லாததால் குப்பியை நம்பி இருக்க முடியாது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று தரும் கவசமும், ஆவியை இழுத்து வெளியேற்றும் அறையும் வேண்டும். உண்மையில் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்க வேண்டியது அந்த வெளியேற்றும் விசிறியைத்தான். கவசம் கடைசித் தடுப்பு; அதையே முதல் தடுப்பாக்குவது உரிமையாளருக்கு மலிவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

தின்னரால் கை கழுவுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அது தோலின் எண்ணெயைக் கரைத்து வெடிப்பு உண்டாக்குவதோடு, தோல் வழியாகவே உடம்புக்குள் போகிறது. சமையல் எண்ணெய் தேய்த்துப் பிறகு சோப்புப் போட்டால் பெயிண்ட் பெரும்பாலும் வந்துவிடும். தலைவலியும் குமட்டலும் வேலை நாளில் வந்து விடுமுறையில் மறைகின்றனவா என்று ஒரு மாதம் குறித்து வைத்து, அந்தக் குறிப்போடும் பெயிண்ட், தின்னர் டப்பாக்களின் லேபிள் படங்களோடும் மருத்துவரிடம் போகட்டும்; ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போகட்டும்.

கேள்வி: தூசி வேலை முடிந்ததும் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் நெஞ்சில் சேர்ந்த தூசி இறங்கிவிடும் என்று எங்கள் மேஸ்திரி சொல்கிறார். உண்மையா?
– வாசகர், பொம்மசந்திரா

பதில்: உணவு போகும் குழாய் வேறு, மூச்சுக் குழாய் வேறு. வெல்லம் வயிற்றுக்குப் போகும். தூசி நுரையீரலில் இருக்கும். வெல்லம் உடம்புக்கு நல்லதுதான், கையைக் கழுவிவிட்டு வேலையிடத்துக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிடுங்கள். வேலையிடத்திலேயே சாப்பிட்டால், தூசி வெல்லத்தோடு சேர்ந்து உண்மையிலேயே இறங்கிவிடும்.

கேள்வி: ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவுப் பணியாளர்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். பெரும்பாலும் பெண்கள், தமிழும் தெலுங்கும் பேசுபவர்கள். கழிவறைக் கறை போகவில்லை என்று ஒருவர் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டு, இருமி இருமி மயங்கும் நிலைக்கு வந்துவிட்டார். இவர்களுக்கு வேதியியல் எல்லாம் சொல்லிக் கொடுக்க முடியுமா?
– மேற்பார்வையாளர், ஒயிட்ஃபீல்டு

பதில்: ஏன் முடியாது? புளியைப் போட்டுப் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குபவர்களுக்கு அமிலம் என்ன செய்யும் என்பது நம் பாடப்புத்தகத்தைவிட நன்றாகத் தெரியும். இரண்டு துப்புரவுப் பொருள் சேர்ந்தால் இரண்டு மடங்கு சுத்தமாகும் என்று அவர் நினைத்தது அறியாமையும் அல்ல. வீட்டில் அப்படித்தான் பல பொருள்கள் வேலை செய்கின்றன. கழிவறை ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடரோடோ வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச் திரவத்தோடோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரில் 1915-இல் எதிரிப் படைகள்மீது திறந்துவிட்ட அதே வாயு. இதை உங்கள் பணியாளர்களிடம் சொல்லிப் பாருங்கள், மறக்க மாட்டார்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பானோடு பிளீச் சேர்ந்தாலும் நெஞ்சைப் பிடிக்கும் வேறொரு வாயு வரும்.

ஆனால் எனக்கு அதைவிடக் கவலை தருவது உங்கள் பொருள் அறைதான். நான் பார்த்த அடுக்குமாடிகள் பலவற்றில் ஆசிட்டை ஐந்து லிட்டர் கேனில் வாங்கி, பழைய குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ பிரித்துக் கொடுக்கிறார்கள். வெயிலில் வேலை செய்துவிட்டு வரும் ஒருவர் அதை எடுத்துக் குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? குடிக்கும் பாட்டிலில் குடிக்கத் தகாததை ஊற்றினால் அன்றே வேலை போய்விடும் என்று ஒரு விதி போடுங்கள். வேறு எதற்கும் நான் இவ்வளவு கடுமையை ஆதரிக்க மாட்டேன். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போன வழியிலேயே திரும்பி வந்து உணவுக்குழாயை மறுபடியும் எரிக்கும். வாயை நன்றாகக் கொப்பளிக்கச் செய்து, கேனையும் எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

ஆசிட்டுக்குச் சிவப்பு வாளி, பிளீச்சுக்கு நீல வாளி என்று நிறம் பிரித்து வைக்கும் ஏற்பாடு நல்லது. இருந்தாலும், கடைக்காரர் வேறு கம்பெனிப் பொருளை வேறு நிறக் கேனில் அனுப்பும் நாளில்தான் அது தடுமாறும். ஆகவே புதுக் கேன் வந்தவுடன் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிய பிறகே திறக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கழிவறையில் பயன்படுத்தவே வேண்டாம். ஜன்னல் இல்லாத கழிவறையில் விசிறியைப் போட்டு, கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். தவறிக் கலந்துவிட்டால், கழுவிவிட்டுப் போகலாம் என்று அங்கே நிற்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அன்று மயங்கும் நிலைக்குப் போனவர் இப்போது நன்றாக இருக்கிறார் என்று நம்புகிறேன். குளோரினை அதிகம் இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம் என்பதால், அடுத்த முறை சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: தொழிற்சாலைகளின் கழிவுநீர்த் தொட்டிகளில் சேறு அள்ளும் ஒப்பந்தம் எடுக்கிறேன். ஊரில் கிணறு வெட்டும்போது விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்போம். அணையவில்லை என்றால் இறங்குவோம். இங்கேயும் அப்படித்தான் மெழுகுவர்த்தி இறக்கிப் பார்க்கிறோம். ஆனால் ஒரு கம்பெனியில் மீட்டர் இல்லாமல் இறங்க விட மாட்டேன் என்கிறார்கள். விளக்கு முறை தவறா?
– ஒப்பந்ததாரர், ஓசூர் சாலை

பதில்: அந்தக் கம்பெனிக்காரரை எனக்குப் பிடித்திருக்கிறது.

விளக்கு முறையை நம் முன்னோர் வேறு வழி இல்லாத காலத்தில் கண்டுபிடித்தார்கள். கரியமில வாயு தேங்கிய கிணற்றில் அது பல உயிர்களைக் காத்திருக்கும். உங்கள் தொட்டியில் இருப்பது வேறு. அழுகிய சேற்றிலிருந்து மீத்தேன் வரும்; அதில் விளக்கை இறக்கினால் தொட்டியே வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு வரும். ஆளைக் கொல்லும் அளவு அது இருக்கும்போதும் மெழுகுவர்த்தி அழகாக எரிந்துகொண்டிருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வரும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்பீர்கள். அந்த வாயு அதிகமாகும்போது மூக்கின் நரம்பையே மரத்துப் போகச் செய்துவிடும். முதலில் நாறியது, இப்போது நாற்றம் போய்விட்டது, இறங்கலாம் என்று முடிவெடுத்து இறங்கியவர்கள் திரும்பி வரவில்லை. ஆக்சிஜனும் அப்படித்தான். காற்றில் இயல்பாக 20.9 விழுக்காடு இருக்கும், 19.5-க்குக் கீழே போனாலே இறங்கக் கூடாது. மெழுகுவர்த்தி அதையும் தாண்டி 16 விழுக்காடு வரை எரியும்.

ஆகவே ஆக்சிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகிய நான்கையும் காட்டும் மீட்டர் கட்டாயம் வேண்டும். குழாயை இறக்கி மேல், நடு, அடி மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். சேற்றைக் கிளறும்போதுதான் உள்ளே அடைபட்டிருந்த வாயு வெளியேறும் என்பதால், இறங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டு மீட்டரை வண்டியில் போட்டுவிடக் கூடாது. அது இறங்கியவரின் மார்பிலேயே இருக்க வேண்டும். ஊதுவிசிறி வேலை முடியும் வரை ஓட வேண்டும். காற்று போதவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆக்சிஜன் மிகுந்த இடத்தில் உடுத்தியிருக்கும் துணியே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

உங்கள் ஆள்களுக்கு நீங்கள் தர வேண்டிய பயிற்சியில் மிகக் கடினமானது, இறங்காமல் இருப்பதற்கான பயிற்சிதான். உள்ளே ஒருவர் விழுந்தால் மேலே நிற்பவர் அவருடைய அண்ணனாகவோ மாமன் மகனாகவோ இருப்பார். ஒரே ஊர்க்காரர்களாகத்தானே அழைத்து வருகிறீர்கள். அவர் யோசிக்காமல் குதிப்பார். இப்படித்தான் ஒரு தொட்டியில் ஒன்றுக்குப் பதில் மூன்று, நான்கு உடல்கள் எடுக்கப்படுகின்றன. எனவே தொட்டி வாயின் மேல் நிறுத்தும் முக்காலியும் சுழல்கயிறும் உடல்பட்டையும் இல்லாமல் எவரையும் இறக்காதீர்கள்; மேலே நிற்பவர் கயிற்றைச் சுற்றி விழுந்தவரை இழுப்பதை, மணல் மூட்டையைக் கட்டியாவது, மாதம் ஒருமுறை செய்து பழக வேண்டும். கயிறு கையில் இருக்கிறது, அதைச் சுற்றினால் ஆள் மேலே வருவார் என்று கைக்குத் தெரிந்தால்தான் கால் குதிக்காது.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, ஆள் இறங்கத்தான் வேண்டுமா என்பது. சேற்றை நீரோடு கலக்கி இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க முடிந்தால் அதுவே முதல் வழி. சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் பாதுகாப்பின்றி ஆள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. மீட்டர் விலை அதிகம் என்று அடுத்த கடிதத்தில் எழுத நினைத்திருந்தால், இந்தத் தொகையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: வேலை செய்யும் இடத்தில் என்ன ரசாயனம் என்று கேட்டாலே “உனக்கெதற்கு?” என்கிறார்கள். கேட்கத் தொழிலாளிக்கு உரிமை இருக்கிறதா? ஆபத்து என்று தெரிந்தால் யாரிடம் சொல்வது?
– தொழிலாளி, ஜாலஹள்ளி

பதில்: உரிமை இருக்கிறது, அது போபாலில் இறந்தவர்கள் பெற்றுத் தந்த உரிமை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், போபாலுக்குப் பிறகு 1987-இல் செய்த திருத்தம் ஒரு புதிய அத்தியாயத்தையே சேர்த்தது. அபாயகரமான செயல்முறை நடக்கும் இடத்தில், பொருளின் ஆபத்துகளையும் தற்காப்பு வழிகளையும் தொழிலாளிகளுக்கு உரிமையாளரே தெரிவிக்க வேண்டும் என்றது 41-பி பிரிவு. உடனடி ஆபத்து நேரும் என்று நியாயமான அச்சம் இருந்தால், தொழிலாளி அதை மேலாளரிடமோ பொறுப்பாளரிடமோ நேரடியாகச் சொல்லலாம், அதே வேளையில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்றது 41-எச். உடனே சரி செய்ய வேண்டியது அவர்கள் கடமை. 111-ஏ பிரிவு, பாதுகாப்பு குறித்த தகவலையும் பயிற்சியையும் பெறுவதைத் தொழிலாளியின் உரிமையாகவே வைத்திருந்தது. நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றி, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பும் இந்தக் கடமைகளைக் கைவிடவில்லை. இவை தவிர, 1989-ஆம் ஆண்டின் அபாயகர ரசாயன விதிகள், பாதுகாப்புத் தரவுத்தாளும் கலன்மீது லேபிளும் இருக்க வேண்டும் என்கின்றன.

சட்டம் இருக்கிறது என்று சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. வாடகை கொடுக்க வேண்டிய மாதத்தில் அது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். முதலில் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் மண்டையோடு இருந்தால் கடும் நஞ்சு. கையிலும் உலோகத்திலும் திரவம் சொட்டும் படம் இருந்தால் அரிப்பது. மார்பில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம் இருந்தால் நாள்பட்ட கேடு செய்வது. இந்த மூன்றாவது படத்தைத்தான் பலரும் அலட்சியம் செய்கிறார்கள், ஏனென்றால் அது அன்றைக்கு எதுவும் செய்யாது. பிறகு தனியாகப் போகாமல் நான்கு பேராக, எழுத்தில் கேளுங்கள்; நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக் குழு இருந்தால் அதன் வழியாகக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் கர்நாடக அரசின் தொழிற்சாலைகள், கொதிகலன்கள், தொழிற்பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறைக்கு எழுதுங்கள். கடிதத்தைக் கன்னடத்தில் எழுதித் தர உங்கள் தெருவில் ஒரு பள்ளிப் பிள்ளை கட்டாயம் இருக்கும்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் ரசாயனம் வந்த நீல டிரம்கள் காலியாகக் கிடக்கின்றன. தண்ணீர்த் தட்டுப்பாட்டில் வீட்டில் பிடித்து வைக்கத் தொழிலாளர்கள் கேட்கிறார்கள். நன்றாகக் கழுவிக் கொடுக்கலாமா?
– ஸ்டோர் பொறுப்பாளர், கும்பளகோடு

பதில்: கொடுக்காதீர்கள். நெகிழி ரசாயனத்தைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பத்து முறை கழுவினாலும் போகாது. அபாயகர ரசாயனம் இருந்த காலிக் கலன்கள் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி கழிவுகளே. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்றவரிடம்தான் அவற்றை ஒப்படைக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்கும் விற்க வேண்டாம். தின்னர் இருந்த இரும்பு டிரம்மைக் காஸ் வைத்து வெட்டும்போது உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். மூடியை இறுக்கி, பூட்டிய இடத்தில், கணக்கு எழுதி வையுங்கள். தொண்ணூறு நாளுக்கு மேல் தங்க விடாதீர்கள்.

கேட்டவர்களிடம் வெறுங்கையை விரிக்கவும் வேண்டாம். இல்லை என்றால் எப்படியும் ஒன்று இரவில் வெளியே போய்விடும். உணவுப் பொருளுக்கான புது டிரம்களை மொத்தமாக வாங்கி, தவணையில் பிடித்துக்கொள்ளும்படி முதலாளியிடம் பேசிப் பாருங்கள்.